அக்கா இன்னும் பேர் சொல்லாத கொடி

ஆமி எங்கள் காணியைத் திரும்பத் தந்தபோது அங்கே வீடு இல்லை. கிணறும் ஒரு பூவரசும் மாத்திரம் நின்றன. மற்ற இடமெல்லாம் பற்றை. தகரக் கொட்டில் ஒன்று அடித்து, கர்த்தருக்கு நன்றி சொல்லிவிட்டு, நான் கத்தியை எடுத்து வெட்டத் தொடங்கினேன். வெட்டிக்கொண்டு வேலிக்கரைக்கு வந்தபோது மனைவி ஓடிவந்து அங்கே படர்ந்திருந்த ஒரு கொடிக்கு முன்னால் நின்றாள்.

"அதை வெட்டாதேங்கோ. அக்கா இன்னும் பேர் சொல்லேல்ல."

அக்கா என்றது அவளுடைய கூடப்பிறந்தவரை அல்ல. வெள்ளாங்குளத்துப் பக்கம் வயல் செய்கிற ஒரு சைவக் குடும்பத்துப் பெண். சண்டை இறுகிப் பாதையைப் பூட்டியபோது நான் தீவில் கடற்தொழிலோடு அகப்பட்டுக்கொண்டேன். தாய்வீட்டுக்குப் போயிருந்த மனைவி அந்தப் பக்கம் நின்றுவிட்டாள். சனத்தோடு சனமாக நடந்து, கடைசியில் முகாமுக்குள் வந்து சேர்ந்தாள். அங்கே அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர் இந்த அக்காதான். இரண்டு பேரும் ஒரே கூடாரம். வேலியோரம் முளைத்த சாறணை, குப்பைக்கீரை என்று எது கறிக்கு ஆகும், எது ஆகாது என்று பார்த்துப் பிடுங்கி அவித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மற்றதைக் கேட்டால், "விடுங்கோ" என்பாள். அக்காவுக்கு அதையெல்லாம் யாரும் சொல்லத் தேவையில்லை. அவர் கூடவே இருந்தவர்.

வெளிநாட்டிலிருக்கும் அவளுடைய தம்பி படம் எடுக்கிற போன் ஒன்று அனுப்பியிருந்தான். அதோடுதான் இது தொடங்கியது. எருக்கலை, நாயுருவி, கிணற்றடிக் குப்பைமேனி, தானே நட்டு வளர்த்த செவ்வரத்தை வரை குனிந்து குனிந்து படம் எடுப்பாள். பின்னேரம் அவற்றை அக்காவுக்கு அனுப்பிவிட்டுக் கதைப்பாள். இதன் இலை இப்படி, அதன் பூ அப்படி, நீங்கள் அவித்த அந்தக் கசப்புக் கீரை ஞாபகமா அக்கா என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பாள். முகாமிலிருந்து வந்தபின் என்னோடு அவள் அப்படிச் சிரித்தது கிடையாது.

செபமாலை நேரமும் அதுதான். நான் முதலாம் தேவ இரகசியத்தைத் தொடங்கினால், அவள் மூன்றாவதில் வந்து முழந்தாளிடுவாள். என் வாய் அருள் நிறைந்த மரியே சொல்லும். காது கொட்டிலுக்கு வெளியே நிற்கும். இன்னொரு ஆம்பிளை என்றால் நேரே கேட்டுவிடலாம். என் பெண்சாதியை உயிரோடு வைத்திருந்து தந்தவரிடம் என்னவென்று கேட்பது? மாதாவிடம்தான் முறையிட்டேன். அவள் சிரிக்க வேண்டும், ஆனால் என்னோடு சிரிக்க வேண்டும் என்று மன்றாடினேன்.

அந்த வேலிக்கரைக் கொடி மழைக்குப் பிறகு மொட்டு வைத்தது. இலையை மாத்திரம் பார்த்துப் பேர் சொல்ல ஏலாது, பூ விரிந்ததும் எடுத்து அனுப்பு என்று அக்கா சொல்லியிருந்தார். அது விடியவே விரிந்து, வெயில் ஏற முதல் சுருங்கிவிடுகிற பூ. அந்த நேரம் மனைவி விடியற்பூசையில் இருப்பாள். நான் கடலால் வந்துகொண்டிருப்பேன். இதுதான் சமயம் என்று பட்டது. அந்தப் படம் என் கையால் போகட்டும். ஒரு நாள் கொஞ்சம் முந்திக் கரைக்கு வந்த கையோடு, கொட்டிலில் இருந்த போனை எடுத்துக்கொண்டு போனேன்.

கடலில் நாங்கள் ஒரு இடத்தைப் பிடிப்பது கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒரே நேரில் வைத்துப் பார்த்துத்தான். மரம் என்றால் வானத்தில் தெரிகிற அதன் உருவம். இலையை யார் பார்த்தார்கள்? நானும் பின்னுக்கு, பின்னுக்குப் போய், ஒற்றைப் பனையும் மாதா கோயில் கோபுரமும் ஒரே நேரில் விழ, அதற்குக் கீழே கொடி வருகிற மாதிரிப் பார்த்து எடுத்தேன். அருமையாக வந்தது என்றுதான் நினைத்தேன்.

பூசை முடிந்து வந்த மனைவி படத்தைக் கன நேரம் பார்த்தாள். கொடி எங்கே என்று கேட்டாள். கோபுரத்துக்கு நேர் கீழே என்று விரலை வைத்துக் காட்டினேன். அவள் அதை அப்படியே அக்காவுக்கு அனுப்பிவிட்டாள். பின்னேரம் போனுக்குள்ளிருந்து அக்காவின் குரல் எனக்குக் கேட்கவே வந்தது.

"அண்ணை கடலுக்க நிண்டோ எடுத்தவர்?"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பூவரசில் இருந்த காகம் எழும்பிப் பறந்தது. நான் கிழிந்து, பொத்த வேண்டியிருந்த வலையைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போய்விட்டேன். அன்று செபமாலையை இருவரும் சொன்னோம். என் மனம் அதில் ஒட்டவில்லை.

அடுத்த நாள் பங்குச் சுவாமி வெளியூர் போனதால் பூசை இல்லை. நான் வந்து இறங்க, மனைவி கரையில் போனோடு நின்றாள். "வாங்கோ" என்று வேலிக்கரைக்குக் கூட்டிப்போய், போனை என் கையிலேயே தந்தாள். நான் பழையபடி பின்னுக்கு நகர, முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"கிட்டப் போங்கோ. இன்னும். அது கடிக்காது."

முழந்தாளிட்டேன். வெள்ளைப் பூ, நடுவில் ஊதா. அதற்குக் கீழே ஒரு பச்சைக் காய். அதைச் சுற்றி நூல் நூலாகப் பின்னியிருந்தது.

"இஞ்ச பார்," என்றேன். "காய்க்கு வலை போட்டிருக்கு. சின்னக்கண் வலை."

அவளும் பக்கத்தில் குந்தினாள். கன்னம் என் தோளில் முட்டியது. பார்த்தாள், சிரித்தாள். நான் இன்னும் ஒன்று சொல்ல வாயெடுப்பதற்குள் போனைப் பறித்துக்கொண்டு எழும்பிவிட்டாள். என் வாயிலிருந்து வந்தது சூடு ஆறமுதலே வெள்ளாங்குளத்துக்குப் போகிறது.

"அக்கா, காய்க்கு வலை போட்டிருக்காம். நான் காணேல்ல. இவர்தான் கண்டவர்."

இவர் என்று என்னைச் சொன்னாள். கேலியாக இல்லாமல் அந்தக் கதைக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. நான் எழும்பாமல் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தேன். வலையென்றால் அது காட்டுக் கொடித்தோடைதான், பழுத்தால் தின்னலாம் என்றார் அக்கா. பிறகு என்னோடு கதைக்க வேண்டுமென்று கேட்டிருக்கிறார். மனைவி போனை என் காதில் வைத்தாள்.

"அண்ணை, பேர் தெரிஞ்சிட்டுது. இனி நீங்கள் வெட்டலாம்."

என் காணியில் வெட்ட இவருடைய உத்தரவா என்று உள்ளே சுருக்கென்றது.

"நான் வெட்டப் போறதில்லை, தங்கச்சி," என்றேன்.

மனைவி என்னைப் பார்த்துவிட்டுப் போனை வாங்கிக்கொண்டாள். கதைத்து முடியட்டும் என்று அவள் பக்கத்திலேயே குந்தியிருந்தேன். முடிய வெகுநேரமானது.