எலிக்கு வைத்த பிஸ்கட்

கூனிமேட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு தோட்டம் இருக்கிறது. துபாயில் வேலை செய்யும் என் கணவர், போன தடவை லீவில் வந்தபோது போட்டது. அவர் கிளம்பிப் போனதும் எலித் தொல்லை ஆரம்பித்தது. தக்காளி, வெண்டை எல்லாவற்றையும் கடித்துப் போட்டன. அவருக்குக் காட்ட ஒரு காய்கூட மிஞ்சவில்லையே என்ற ஆற்றாமையில், அவர் அனுப்பிய பிஸ்கட்டிலேயே எலி மருந்தைத் தடவிச் செடிகளுக்கு அடியில் வைத்தேன்.

மறுநாள் காலை துணி காயப்போட்டுவிட்டுத் திரும்பினால், என் மூன்று வயது மகள் அந்த பிஸ்கட்டை வாய்க்குக் கொண்டு போகிறாள். பாய்ந்து தட்டிவிட்டேன்.

"அத்தா அனுப்புன பிஸ்கட்டும்மா! ஏம்மா தட்டுன?" என்று அழுதாள். சோப்புப் போட்டு அவள் கையைத் திரும்பத் திரும்பக் கழுவினேன்.

போனில் சொன்னதும் அவர் "வாயில படலதான?" என்று மூன்று முறை கேட்டார்.

இப்போது எலி மருந்தை நான் வாங்குவதே இல்லை. எலிகள் பதுங்க இடமாகத் தோட்டத்து ஓரம் கிடந்த ஓலை, மட்டைக் குவியலை அகற்றிவிட்டேன். தேங்காய்ச் சில்லு மாட்டி எலிக்கூண்டு வைக்கிறேன். எலி சிக்கினால் அத்தாவுக்குக் காட்ட வீடியோ கால் போடச் சொல்கிறாள் மகள்.

"எலிய அப்புறம் காட்டு. மொதல்ல உன் மொகத்தக் காட்டும்மா" என்று அவளிடம் சொல்கிறார் அவர்.