ஈசல் வந்த பிறந்தநாள்

என் கணவர் வளைகுடாவில் வேலை பார்த்த காலம் முழுக்க ஊருக்கு வந்ததெல்லாம் மே, ஜூன் மாதங்களில்தான். பிள்ளைகளுக்கு அப்போதுதான் பள்ளி விடுமுறை. அதனால் கல்யாணமான நாளிலிருந்து எங்கள் ஊர்க் கண்மாயை அவர் வெடித்துக் கிடக்கும் தரையாகவே பார்த்துவந்தார். போன வருஷம் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்து சேர்ந்தார். முதன்முதலாக ஒரு புரட்டாசி மாதம் அவர் கண்ணில் பட்டது. என் பாடு திண்டாட்டமாகிவிட்டது.

சர்க்கரைக்காகத் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஆவுடையார்கோவில் ரோட்டை ஒட்டிய கண்மாய்க்கரையில் காலையில் ஒரு நடை போய்விட்டு, ஏதாவது ஒரு சேதியோடு திரும்புவார்.

"கண்மாய்க்குள்ள தட்டான் மொய்க்குது. ஒண்ணுகூட இடுப்பு ஒசரத்துக்கு மேல பறக்கல. தெரியுமா ஒனக்கு?"

"காப்பி ஆறுதுங்க."

மறுநாள், கரண்ட் கம்பியில் கத்திரிக்கோல் போல வால் பிளந்த குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைச் சொன்னார். அதற்கடுத்து, மேற்கே இருந்து வீசிய காற்று திடீரென்று நின்றுபோனதைச் சொன்னார். சமையலறைச் சுவரில் எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறியபோது நான் எறும்புச் சாக்பீஸை எடுத்தேன். குறுக்கே கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"பாவம், அதுக மழைக்கு வீடு மாத்துது. விடு."

"என் சீனி டப்பாவுக்குள்ளதான் மாத்துதுங்க."

மழை வரப்போவது எனக்கும் தெரியும். ஆனால் நான் அதற்காகக் கண்மாய்க்குப் போனதில்லை. உப்பு ஜாடி கசியும். காயப்போட்ட பாவாடை நாடா சாயங்காலம் வரை ஈரமாகவே இருக்கும். கொல்லைக் கதவு உப்பிப்போய், காலால் உதைத்தால்தான் திறக்கும். இதையெல்லாம் ஒருநாள் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது.

"இத்தன வருசமா இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உப்பு கசியறதையெல்லாமா துபாய்க்குப் போன் போட்டுச் சொல்லுவாங்க?"

அந்த நேரத்தில்தான் என் அண்ணன் தன் மகள் வயிற்றுப் பேரனின் முதல் பிறந்தநாளை வைத்தார். அண்ணனுக்கு ஊரில் சிமெண்ட் கடை. கண்மாயைப் பார்த்தாற்போல் புது வீடு கட்டியிருக்கிறார், விழாவை அதன் மொட்டை மாடியில் நடத்துவதாக ஏற்பாடு. பிறந்தநாள் புரட்டாசிச் சனிக்கிழமையில் விழுந்ததால் அண்ணன் மனைவி, என் மதினி, முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: கேக்கில்கூட முட்டை வாடை வரக்கூடாது.

என் கணவர் நேராக அண்ணன் கடைக்கே போனார். நானும் கூடப் போனேன்.

"மச்சான், மாடியில வேணாம். மழ வரும்."

"யாரு சொன்னா மாப்ள?"

"எறும்பு."

அண்ணன் போனை எடுத்துக் காட்டினார். "இங்க பாருங்க, சனிக்கெழம முழுச் சூரியன் போட்டிருக்கு. ஒங்க எறும்பு எந்த நெட்வொர்க்கு?"

கடையில் சிமெண்ட் வாங்க வந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். இவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு சின்ன மழை தூறிவிட்டுப் போனது. இவர் முகம் மலர்ந்தது. உடனே அண்ணனிடமிருந்து போன்: "மாப்ள, பேஞ்சு முடிஞ்சுருச்சு. நாளைக்குக் கவலையே இல்ல."

இவர் விடுவதாயில்லை. சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு குடையும் ஒரு தார்ப்பாயும் எடுத்துக்கொண்டார். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, தார்ப்பாய்ச் சுருளை மடியில் கட்டிப்பிடித்தபடி நான் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியில் பார்த்தவர்கள் எங்கே பந்தல் போடப் போகிறோம் என்று விசாரித்தார்கள்.

வானத்தில் பொட்டு மேகம் இல்லை. மாடி முழுக்க சீரியல் லைட். கேக் மேசைக்கு நேர் மேலே பெரிய போகஸ் லைட். அண்ணன் மைக்கையே எடுத்து, "மாப்ள, எறும்புக்கு இன்னைக்கி லீவா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. இவர் தார்ப்பாய் மேல் உட்கார்ந்துகொண்டார்.

பிள்ளையின் கையைப் பிடித்துக் கேக்கை வெட்டப் போன நேரம், வெள்ளை கிரீம் மேல் ஒரு ஈசல் வந்து உட்கார்ந்தது. யாரோ ஊதிவிட்டார்கள். இன்னும் நாலு வந்தன. அடுத்த நிமிஷம் கண்மாய்ப் பக்கமிருந்து மேகம்போல் கிளம்பி வந்துவிட்டன. தலையில், சாம்பாரில், பாயசத்தில், ஜாக்கெட்டுக்குள் என்று எங்கும் ஈசல். பெண்கள் முந்தானையால் விசிற, ஆண்கள் இலையால் விசிற, பிறந்தநாள் பாட்டு மட்டும் ஸ்பீக்கரில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைக்கு ஒரே குஷி. கைதட்டிச் சிரித்துக்கொண்டே ஒன்றைப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டான். அண்ணன் மகள் போட்ட அலறலில் ஸ்பீக்கரே அடங்கியது. அவள் விரலை விட்டுத் துழாவுவதற்குள் அவன் மென்று விழுங்கிவிட்டான். உதட்டில் றெக்கை மட்டும் ஒட்டியிருந்தது.

"லைட்ட அமத்துங்க!" என்று கத்தினார் என் கணவர். "எல்லா லைட்டும்! கீழ வாசல்ல ஒண்ண மட்டும் போட்டு, அதுக்கடியில அண்டாவுல தண்ணி வைங்க!"

அப்படியே செய்தார்கள். மாடி இருட்டானதும் ஈசல் கூட்டம் மொத்தமும் வாசல் விளக்குக்கு இறங்கிப் போய் அண்டாவில் விழுந்தது. நாங்கள் நட்சத்திர வெளிச்சத்தில் சாப்பிட்டோம். இலையில் எது கூட்டு எது கேசரி என்று தொட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பக்கத்தில் யாரோ ஊறுகாயை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு "ஆ" என்றார்கள்.

இருட்டில் அண்ணன் குரல் கேட்டது: "மாப்ள, இருந்தாலும் இது மழ இல்லயே?"

"மழ இல்லதான் மச்சான். ஒங்க போன்ல ஈசலும் போடலயே?"

கீழே வந்தால் அண்டா நிறைய ஈசல். மதினிக்குப் பொன்னமராவதிப் பக்கம் பிறந்த வீடு. சின்ன வயதில் அரிசியோடு ஈசல் வறுத்துத் தின்ற ஞாபகம் வந்து அண்டாவை விட்டு நகர மறுத்தாள். ஆனால் புரட்டாசி மாதம் முழுவதும் கவிச்சி தொடாதவளும் அவள்தான்.

"இது சைவமா, அசைவமா?" என்றார் அண்ணன்.

"மண்ணுக்குள்ளருந்துதான வருது? சீனிக்கெழங்கும் மண்ணுக்குள்ளருந்துதான் வருது."

"கெழங்கு பறக்குமாடி?"

"அதான் றெக்கைய உதுத்துடுவோம்ல?"

மறுநாளே மதினி அதை வெயிலில் காயவைத்து, முறத்தில் புடைத்து, அரிசியோடு வறுத்து எங்களுக்கும் ஒரு டப்பா கொடுத்தனுப்பினாள். வறுத்த கடலைபோல மொறுமொறுவென்று இருந்தது.

இதற்குப் பிறகு ஊரில் இவருக்குப் பெரிய பெயர் வந்துவிட்டது. "நாளைக்குக் கான்கிரீட் போடலாமாங்க?" "கடலை காயப்போடலாமா?" என்று ஆட்கள் வழிமறித்துக் கேட்டார்கள். அவருக்குப் பயம் வந்துவிட்டது. சிலநாள் கண்மாய்க்கரையை விட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடக்கப் போனார். சில காலைகளில் அவருக்குப் பதில் நானே கரைக்குப் போய் குருவிகள் இருக்கின்றனவா என்று பார்த்து வந்தேன். கேட்டால் சொல்ல வேண்டுமே.

உண்மையான மழை ஐப்பசியில் ஒரு மத்தியானம் வந்தது. அன்றைக்குப் பார்த்து அவர் புதுக்கோட்டைக்குப் பல் பிடுங்கப் போயிருந்தார். கண்மாயின் அக்கரை மறைந்து, பிறகு நடுவிலிருந்த கருவேல மரங்கள் மறைந்து, சத்தத்தோடு மழை எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. நான் அவருக்குப் போன் போட்டேன். இத்தனை வருஷத்தில் பள்ளிக்கூடம், காய்ச்சல், கேஸ் சிலிண்டர் என்று என்னென்னவோ பேசியிருக்கிறோம். மழைக்கென்று ஒரு தடவைகூடப் பேசியதில்லை.

"ஏங்க, வந்துருச்சு. கேளுங்க" என்று போனை வாசலுக்கு வெளியே நீட்டினேன்.

பஞ்சு வைத்த வாயால் அவர் ஏதோ சொன்னார். 'நல்லாக் கேக்குது' என்றாரா, 'துணிய எடு' என்றாரா, புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கையால் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டே, மறுகையால் கொடியில் கிடந்த துணிகளை உருவ ஆரம்பித்தேன்.