நாற்பது நிமிடம், ஒருத்தி

பதினான்கு வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பாடியிருக்கிறேன். ஆனால் என் குரலைத் தனியாக யாரும் கேட்டதில்லை. நாயுடுபுரத்தில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் நான் ஆல்ட்டோ, அதாவது இரண்டாம் குரல். பாட்டின் மெட்டை முன்வரிசைப் பெண்கள் பாடுவார்கள். பின்னால் நிற்கும் நாங்கள் நான்கு பேர் அதற்குக் கொஞ்சம் கீழே, மெட்டோடு சேர்ந்தும் சேராமலும் போய்க்கொண்டிருப்போம். சரியாகப் பாடினால் நாங்கள் இருப்பதே தெரியாது, தப்பாகப் பாடினால்தான் தெரியும். வெளியில் யாராவது ஒரு பாட்டுப் பாடச் சொன்னால் எனக்கு மெட்டு வராது. என் பாகம்தான் வரும். கேட்கிறவர்கள் மரியாதையாக, "இது என்ன பாட்டுங்க?" என்பார்கள்.

அந்த எரிச்சலில்தான் நானே பாட்டுக் கட்ட ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன். ஒரு லாட்ஜில் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. படுக்கை விரிப்பு, துண்டு, கம்பளி எல்லாம் என் பொறுப்பு. மழைக்காலத்தில் எங்கள் மலையூரில் எதுவும் காயாது. ஈர விரிப்புகளை மணிக்கணக்கில் இஸ்திரி போட்டே காயவைக்க வேண்டும். நீராவிக்குள் நின்றுகொண்டு வாய்க்கு வந்ததைப் பாடுவேன். குழுவின் அலமாரியில் இரண்டு கம்பி அறுந்த கிடார் ஒன்று கிடந்தது. கேட்டதற்குக் குழுவை நடத்தும் அண்ணன், "எடுத்துட்டுப் போங்க. எலி கடிக்கிறதுக்குப் பதிலா நீங்க வாசிக்கலாம்" என்றார். புதுக் கம்பி போட்டு, செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும் 'கார்டு' ஏழு கற்றுக்கொண்டேன். ஏழு கார்டில் ஏழு பாட்டு சேர்ந்தது. என்னோடு இஸ்திரி போடும் பெண் ஒருத்திதான் அவற்றைக் கேட்டவள். அவளுக்கும் வேறு வழியில்லை.

ஏரிக்குப் போகிற வழியில் ஒரு சின்ன வாசகசாலை உண்டு. மாதம் ஒரு சனிக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு அங்கே யாராவது ஒருவர் நாற்பது நிமிடம் பாடலாம், வாசிக்கலாம், கதை சொல்லலாம். போன வருடம் திண்டுக்கல்லிலிருந்து வந்த ஒரு பேராசிரியரின் புல்லாங்குழலைக் கேட்கப் போயிருந்தேன். முடிந்ததும் வாசகசாலையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒரு நோட்டை விரித்து வைத்து, "அடுத்த மாசத்துக்கு இன்னும் யாரும் பேர் குடுக்கல" என்று பொதுவாகச் சொன்னார். எல்லோரும் செருப்பு மாட்டுவதில் மும்முரமாக இருந்தார்கள். நான் போய்ப் பேனாவை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. 'என்ன நிகழ்ச்சி' என்ற கட்டத்தில் 'பாட்டு' என்று எழுதினேன்.

"எத்தன பேர் வருவீங்க?" என்றார் அக்கா.

"ஒருத்திதாங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை. 'ஒருத்தி' என்று அடுத்த கட்டத்தில் அவரே எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா வடகவுஞ்சியில் இருக்கிறாள், பூண்டுக் காட்டிலும் பீன்ஸ் காட்டிலும் கூலி வேலை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, எட்டு வயதில் கப்பலில் வந்தவள். அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். எதைச் சொன்னாலும் அதில் இருக்கும் ஆபத்து முதலில் அம்மா கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

"தனியாவா? ஏன் பிள்ள, மத்தவுங்க எல்லாம் எங்க?"

"மத்தவுங்க இல்லம்மா. நான் மட்டும் பாடுறேன்."

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "அவுங்களோட எதும் சண்டையா?"

சண்டை இல்லை என்று புரியவைக்க ஐந்து நிமிடம் ஆனது. கடைசியில், "சரி, நானும் வாறேன். தனியா நிக்கிறப்ப தெரிஞ்ச மொகம் ஒண்ணு வேணும்" என்றாள்.

ஒரு மாதம் பழகினேன். இஸ்திரி அறையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஏழு பாட்டையும் வரிசையாகப் பாடுவேன். இடையில் பேசுவதையும் சேர்த்து நாற்பத்தொரு நிமிடம் வந்தது. ஒரு நிமிடத்தை எங்கே குறைப்பது என்பதுதான் அப்போது என் பெரிய கவலையாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அம்மா வெள்ளனே பஸ் ஏறி, பதினோரு மணிக்கெல்லாம் ஒரு பை பீன்ஸோடு வந்து நின்றாள். வாசகசாலைக்கு நாங்கள் போனபோது மூடுபனி சன்னல்வரை வந்திருந்தது. எதிர்ச் சுவர் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அக்கா இருபது நாற்காலிகள் போட்டிருந்தார். மூன்று மணிக்கு ஏறக்குறைய எல்லாம் நிறைந்துவிட்டன. குளிருக்கு ஒதுங்க வந்தவர்களும் அதில் இருந்திருக்கலாம்.

என் விரல்கள் மடங்கவில்லை. பயமும் குளிரும் சேர்ந்து கட்டையாகிவிட்டன. கிடாரின் இரும்புக் கம்பியைத் தொட்டால் ஊசி குத்துவது போல் இருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். எழுந்து போய், எதிர்க் கடையிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் டீ வாங்கி வந்தாள்.

"இந்தா தேத்தண்ணி. குடிக்க வேணாம். ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு இரு."

பிடித்துக்கொண்டிருந்தேன். அக்கா எழுந்து, "இன்னிக்கு நம்ம ஊர்ப் பொண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். டம்ளரைச் சன்னலில் வைத்துவிட்டுப் போய் நின்றேன்.

கிடாரில் கேப்போ என்று ஒரு கவ்வி மாட்டுவோம். அதைக் கழுத்தில் எவ்வளவு தூரம் தள்ளி மாட்டுகிறோமோ அவ்வளவுக்குச் சுருதி ஏறும். நான் இரண்டாம் கட்டத்தில் மாட்ட வேண்டியதை நான்காம் கட்டத்தில் மாட்டியிருந்தேன். முதல் வரி பாடும்போதே ஏதோ இடறியது. குரல் என் கழுத்துக்கு மேலே எங்கேயோ இருந்தது. பல்லவியை எப்படியோ சமாளித்தேன். சரணத்தில் இன்னும் மேலே போக வேண்டும். அந்த உச்சி நாலு வரி தள்ளி நிற்பது எனக்குத் தெரிந்தது. அங்கே என் குரல் கிழியும் என்பதும் தெரிந்தது.

குழுவில் எங்களுக்கு ஒரே சட்டம். என்ன நடந்தாலும் நிறுத்தக் கூடாது. ஒருத்தி விட்டால் இன்னொருத்தி பிடித்துக்கொள்வாள். மெட்டு நகர்ந்துகொண்டே இருக்கும், எந்த இடத்திலும் திரும்ப ஏறிக்கொள்ளலாம். அந்த நிமிடத்தில் நானும் அப்படித்தான் யாராவது பிடிப்பார்கள் என்று காத்திருந்தேன் போல. யாரும் பிடிக்கவில்லை. என் இரண்டு பக்கமும் வெறும் சுவர். நான் நிறுத்திவிட்டேன்.

யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டாவது வரிசையிலிருந்து அம்மாவின் குரல், காட்டில் கூப்பிடுகிற அதே சத்தத்தில்:

"என்ன பிள்ள, மறந்துபோச்சா?"

"இல்லம்மா. ரொம்ப மேல ஆரம்பிச்சிட்டேன்."

"அப்ப கீழ ஆரம்பி."

அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். கேப்போவைக் கழற்றி, எல்லோரும் பார்க்க, இரண்டாம் கட்டத்தில் மாட்டினேன். "மன்னிச்சுக்கங்க, மொதல்லேருந்து வாரேன்" என்றேன். இரண்டாவது முறை பாடியபோது குரல் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. சரணத்தின் உச்சிக்குப் போய்விட்டுப் பத்திரமாக இறங்கினேன். விரல்களும் மடங்கிக் கொடுத்தன.

அதன் பிறகு எல்லாம் ஓடியது. ரொம்பவே ஓடியது என்று ஏழாவது பாட்டை முடித்துக் கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மூன்று இருபத்தெட்டு. படபடப்பில் ஒவ்வொரு பாட்டையும் வெரசாகப் பாடி, சொல்ல நினைத்த பேச்சையெல்லாம் விழுங்கியிருக்கிறேன். பன்னிரண்டு நிமிடம் மீதம் கிடந்தது. கையில் ஒரு பாட்டுமில்லை. கைதட்டல் ஓய்ந்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை. மரியாதையாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கிட்ட இருந்தது அவ்வளவுதாங்க" என்றேன். "எதாவது ஒண்ண மறுபடி பாடட்டுமா?"

பின்வரிசையில் குரங்குக் குல்லா போட்ட ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். "தங்கச்சி, அந்த பஸ் பாட்டு. அதுல ஒரு விசயம் கேக்கணும்."

வடகவுஞ்சியிலிருந்து அம்மாவும் நானும் வந்த பஸ் ஒருமுறை பனிக்குள் நின்றுபோனதைப் பற்றிய பாட்டு அது.

"கேளுங்கய்யா."

"அஞ்சாம் வளைவுல வண்டி நின்னுச்சுன்னு பாடுறீங்க. அங்க வண்டி நிக்காதும்மா."

"நின்னுச்சுங்க. நான் உள்ள இருந்தேன்."

"நான் அந்த ரூட்ல இருபது வருசம் பஸ் ஓட்டுனவன். அந்த எடத்துல கொஞ்சம் எறக்கம். எஞ்சின் ஆஃப் ஆனாலும் உருண்டு வந்துரும். அதுக்கு மேல தண்ணி ஒழுகுற பாறை ஒண்ணு கெடக்குல்ல, அங்கதான் நின்னிருக்கும்."

நான் வாதாட வாயெடுப்பதற்குள் அம்மா திரும்பி உட்கார்ந்தாள். "அவரு சொல்றதுதான் சரி. பாறைக்கிட்டதான். நான் எறங்கி மொகங் கழுவுனேனே."

மறுபடியும் சிரிப்பு. பெரியவர் ஜெயித்த பெருமையில் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சரி, மாற்றிவிடலாம் என்று அங்கேயே பாடிப் பார்த்தேன். 'அஞ்சாம் வளைவில்' இருந்த இடத்தில் 'ஒழுகுற பாறைக்கிட்ட' உட்காரவில்லை, தாளம் இடித்தது. "'கிட்ட'வ எடுத்துட்டு 'பாறையில'ன்னு போடுங்க" என்றார் முன்வரிசையில் ஒரு பெண். போட்டேன். அப்போதும் கொஞ்சம் தள்ளிக்கொண்டு நின்றது. மூன்றாவது தடவை 'ஒழுகும் பாறையில்' என்று மாற்றியதும் பஸ் பள்ளத்தில் இறங்குவது போல் வரி சரியாக உட்கார்ந்துவிட்டது. "அம்புட்டுத்தான்!" என்றார் பெரியவர். முழுப் பாட்டையும் திரும்பப் பாடினேன். அந்த வரி வந்தபோது அறை முழுக்க என்னோடு சேர்ந்து பாடியது.

இஸ்திரி அறையில் எழுதும்போது பாட்டு என்னிடமே இருந்தது. அங்கே அது எங்கள் எல்லோருக்கும் நடுவில் இருந்தது. மேடைப் பயம் என்று ஒன்று எப்போது போனது என்று தெரியவில்லை. தேடிப் பார்த்தேன், காணோம்.

அக்கா ஒரு விரலைக் காட்டினார். இன்னும் ஒன்று பாடலாம்.

யோசித்துவிட்டுச் சொன்னேன்: "இது என் பாட்டு இல்லைங்க. கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் பாடுறது. ஆனா நான் பாடப்போறது ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. பதினாலு வருசமா இதுல என் பாகம் இதுதான்."

கிடாரைக் கீழே வைத்துவிட்டுப் பாடினேன். இரண்டாம் குரல் தனியாக நின்றால் ரொம்ப எளிமையானது. முதல் வரி முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே சுரம்தான். இரண்டாவது வரியில் ஒரு படி இறங்கி அங்கேயே இருக்கும். மெட்டு நீளமாக ஒரு இடத்தில் நிற்கும்போது எங்களுக்கு மட்டும் நாலு சுரம் கீழே நடந்து போக வேண்டும். அது எனக்கு எப்போதும் பிடித்த இடம். அதை நான் முதல் தடவையாகக் காதால் கேட்டேன். அழகாகத்தான் இருந்தது. சிலர் என்ன பாட்டு என்று நெற்றியைச் சுருக்கினார்கள். பாதியில் ஒவ்வொரு முகமாக அடையாளம் கண்டுபிடித்ததைப் பார்த்தேன். யாரும் மெட்டைப் பாடவில்லை. என்னைத் தனியாக விட்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு அம்மா என் கிடார் உறையின் ஜிப்பை மூடப் போராடிக்கொண்டே கேட்டாள்: "இதயா இத்தன வருசமா பாடிக்கிட்டு இருந்த?"

"ஆமாம்மா."

"கிறிஸ்துமஸுக்கு வாறப்பெல்லாம் ஒன் வாயத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். எது ஒன் சத்தம்னு தெரியாது. ஆனா பக்கத்துல இருக்கவுங்ககிட்ட, அந்தா எம் புள்ள பாடுறா, கேக்குதான்னு சொல்லுவேன். அவுங்களும் கேக்குதும்பாங்க." ஜிப் மூடிக்கொண்டது. "பொய் சொல்லியிருக்காங்க."

நான் பீன்ஸ் பையைத் தூக்கிக்கொண்டேன்.

பஸ் நிலையத்துக்கு நடந்தோம். பனி விலகி வெயில் எட்டிப் பார்த்தது. சனிக்கிழமைக் கூட்டம், வேன்கள், சோளம் சுடுகிற புகை. அம்மா ஒரு மிளகாய் பஜ்ஜிக் கடை முன்னால் நின்றாள், நான் கேட்காமலே இரண்டு தட்டு சொன்னாள். தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, "திரும்ப எப்ப பாடுற?" என்றாள்.

"யாரும் கூப்பிடலையேம்மா இன்னும்."

"கூப்புடுவாங்க. கூப்புட்டா முன்னாடியே சொல்லு. அன்னைக்கு வேலைக்கு வரலன்னு நான் காட்டுக்காரருகிட்ட சொல்லணும்ல. அங்க பீன்ஸ் பறிக்கிற சோலி நிக்காது."

இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். அடுக்கம் கிராமத்தில் ஒரு பள்ளிக்கூட விழா, பகல் பதினொரு மணி, திறந்தவெளி. காற்று பாதிப் பாட்டைத் தூக்கிக்கொண்டு போயிற்று. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள், பாட்டை நிறுத்தி அவர்களைப் பிரித்துவிட வேண்டியிருந்தது. முடிந்ததும் ஒரு சிறுமி வந்து, அவள் வீட்டு மாட்டைப் பற்றி ஒரு பாட்டு வேண்டும் என்றாள். மாட்டின் நிறம், குணம், யாரை முட்டும், யாரை முட்டாது எல்லாம் விவரமாகச் சொன்னாள். லாட்ஜுக்குத் திரும்பியதும் மறப்பதற்குள் துணிக்கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்துவைத்தேன். இரண்டு வரி வந்திருக்கிறது. மூன்றாவது வரி வரட்டும் என்று காத்திருக்கிறேன்.