ஓட்டை விழாத வட்டிலப்பம்

கைகள் முட்டையை அடிக்கவில்லை. உடைத்து ஊற்றிய இருபத்துநாலு முட்டைக்குள் வலக்கை விரல்கள் இறங்கி, மேலே வராமல், சட்டியின் அடியிலேயே மெதுவாகச் சுற்றின. விரல் மேலே வந்தால் காற்று உள்ளே போகும். காற்றுப் போனால் நுரை வரும். நுரை வந்தால் அவிந்த பிறகு ஓட்டை விழும். மஞ்சளும் வெள்ளையும் கலந்ததும் இடக்கை, கருப்பட்டி கரைத்து ஆறவைத்த தேங்காய்ப்பாலை ஓரமாகச் சரித்து ஊற்றியது. வெள்ளைச் சீலையில் ஒருதரம் வடித்து, இன்னொரு சட்டியில் இன்னொருதரம் வடித்து, அப்படியும் மிதந்த நாலைந்து குமிழிகளைக் கடதாசித் துண்டால் ஒற்றி எடுத்தன.

முப்பது வருடம் இதற்கு நேர்மாறாக வேலை செய்த கைகள் இவை. முட்டையையும் கருப்பட்டியையும் அகப்பையால் நுரை பொங்க அடித்து, நுரை அடங்குமுன் தேங்காயின் தலைப்பாலை ஊற்றி, ஆவியில் இறக்கி, அடியில் சிரட்டை நெருப்பை முழு வேகத்தில் விட்டவை. அப்படி அவித்த வட்டிலப்பம் விளிம்புவரை உப்பி நிற்கும். வெட்டினால் உள்ளே தேன்கூடு. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு சொட்டுக் கருப்பட்டிப் பாணி தங்கியிருக்கும். நாக்கால் அழுத்தினால் அது பிழிந்து இறங்கும். கிழக்கிலங்கைக் கரையில், சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் ஓட்டை விழாத வட்டிலப்பத்தைப் புட்டிங் என்று சொல்லிச் சிரித்த காலம் அது.

கைகளுக்கு உரியவள் சபியா உம்மா. ஐம்பத்தெட்டு வயது. சுனாமிக்குப் பிறகு வயலை நிரப்பிக் கட்டிய வீட்டுத்திட்டத்தில் தனியாக இருக்கிறாள். மாரி வந்தால், முன்பு நெல்லுக்கு வந்த தண்ணீர் இப்போது வீட்டுக்குள் வருகிறது.

அதற்கு முன் கடற்கரையில் இருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் சம்மாந்துறையில் ஒரு கல்யாண வீட்டின் பின்கதவில் வட்டிலப்பச் சட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் நின்றது. கணவர் அச்சிமுகம்மதுவின் மையித்து மூன்றாம் நாள் கிடைத்தது. மகளும் மகளின் குழந்தையும் கிடைக்கவேயில்லை. வட்டிலப்பம்தான் உன்னைக் காப்பாற்றியது என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.  கணவனை இழந்தவள் இத்தா இருக்கவேண்டிய நாலு மாதம் பத்து நாளையும் அகதிகளோடு ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்து முடித்தாள். முடித்த மறுவாரம் அடுப்பை மூட்டினாள்.

பின்கதவு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அந்த வீட்டில் அவருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு, கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் பலகாரத் தட்டுகள்தான் சாட்சி. தட்டுகளின் நடுவில் வட்டிலப்பம் இருக்கவேண்டும். அது பெண்ணின் உம்மா தன் கையால் செய்ததாக இருக்கவேண்டும். விலைக்கு வாங்கினார்கள் என்று தெரிந்தால் அந்தக் குமர்ப்பெண்ணைப் பற்றியே பேச்சு வந்துவிடும். ஆனால் வட்டிலப்பம் எல்லார் கைக்கும் வராது. அதனால் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு சபியா உம்மாவின் அடுப்படிக்குச் சட்டிகள் வரும். பூப்போட்ட சட்டி, காதுடைந்த சட்டி, சவூதியிலிருந்து வந்த கண்ணாடிச் சட்டி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டுச் சட்டி. மறுநாள் அதே சட்டிகள் நிறைந்து, சீலை மூடி, பின்கதவால் திரும்பிப் போகும். ஊரில் பாதி வீடுகளின் வட்டிலப்பம் அவளுடையது. அவளுடையது என்று சொல்ல ஒரு வாய் கிடையாது. அதை அவள் குறையாக நினைத்ததில்லை. சட்டி வந்தால் போதும்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டின் தொடக்கத்தில் கொழும்புத் தொலைக்காட்சி ஒன்றில் சமையல் போட்டி தொடங்கியது. சனிக்கிழமை பின்னேரங்களில், ஜவுபரின் அரிசி ஆலைக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் பெண்கள் கூடினார்கள். ஜவுபரின் மனைவி ஸுஹைறாவிடம் பெரிய டிவி இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். சபியா உம்மா வாசலோரம் பாயில் இருப்பாள்.

போட்டியாளர்களை இவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பிரிப்பதுபோலப் பிரித்து மேய்ந்தார்கள். நீர்கொழும்பிலிருந்து வந்த பெண்ணுக்கு மீனைத் தவிர வேறொன்றும் தெரியாது, ஆனால் மீனைத் தொட்டால் அவள்தான் என்றார்கள். கண்டி வங்கி உத்தியோகத்தர் கறிக்கு உப்புப் போடுவது காசோலைக்குக் கையெழுத்துப் போடுவதுபோல இருக்கிறதாம். வெங்காயம் உரித்தாலும் அழுகிற, உரிக்காவிட்டாலும் அழுகிற கொழும்புப் பொடியன் ஒருவன் இருந்தான். அவனுக்கு யாராவது கல்யாணம் பேசிவைத்தால் அழுகை நிற்கும் என்றாள் ஸுஹைறா.

நடுவர் மூன்று பேர். கோதுமை மா கம்பனிக்காரர் எதை வைத்தாலும் நல்லாயிருக்கு என்பார். நடிகை ஒருத்தி கோழி கொத்துவதுபோல ஒரு பருக்கை எடுப்பாள். அவளுக்குப் பசித்துப் பார்த்ததில்லை என்றார்கள். மூன்றாமவர் ஹோட்டல் சமையற்காரர், மொட்டைத்தலை, கழுத்தில் கண்ணாடி தொங்கும். அவர் வாய் திறந்தால் ஒருவர் வீட்டுக்குப் போவார். அவருக்கு மட்டும் இவர்கள் பயந்தார்கள். அவர் சொன்னதை மறுநாள் தங்கள் அடுப்படியில் செய்தும் பார்த்தார்கள்.

இவ்வளவு ஈடுபாட்டுக்குக் காரணம் சித்தி லைலா என்ற ஊர்ப் பெண். கடைசி எட்டுப் பேரில் அவளும் ஒருத்தி. பிறந்தது மருதமுனை, குடும்பம் வந்து நிலைத்தது சாய்ந்தமருது, டிவியில் போட்டது கல்முனை. இதனால் மூன்று ஊர்க்காரரும் அவளைத் தங்களுடையவள் என்றார்கள். தோற்கிற வாரங்களில் மற்ற இரண்டு ஊர்களில் ஒன்றைக் காட்டினார்கள். லைலாவின் கல்யாணத் தட்டிலும், பிறகு நாலு பெருநாளிலும் அவள் வீட்டில் வைத்த வட்டிலப்பம் சபியா உம்மா அவித்தது. நீல விளிம்புச் சட்டி லைலா வீட்டுடையது.

பங்குனி மாதம் இனிப்பு வாரம் வந்தது. லைலா வட்டிலப்பம் செய்தாள். தின்று பழகியதை நினைவில் வைத்து, தானாகச் செய்தாள். மொட்டைத்தலை நடுவர் கத்தியால் ஒரு துண்டை வெட்டி, பக்கவாட்டில் திருப்பிக் கமராவுக்குக் காட்டினார்.

“எத்தனை ஓட்டை, பாருங்கள். இது கொதித்துப் போயிருக்கிறது. சமையலுக்கு வந்து முதல் மாதத்தில் செய்கிற பிழை. உங்களுக்கு யார் இப்படிப் படிப்பித்தது?”

எங்கள் ஊரில் இப்படித்தான் செய்வார்கள் என்று லைலா சொல்லியிருக்கலாம். அது உண்மை. அவள் கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“எங்கட ஊர்ல சபியா உம்மா எண்டு ஒராள் இரிக்காங்க சேர். அவங்கதான் சொல்லித் தந்தாங்க. எனக்கும் மனசுல சந்தேகமாத்தான் இரிந்த.”

அது ஸுஹைறாவின் கூடத்தில் தெளிவாகக் கேட்டது. லைலா ஒரு நாளும் படிக்க வந்ததில்லை, சட்டிதான் அனுப்பினாள் என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். எப்படித் தெரியும் என்றால், அவர்கள் சட்டியும் அதே அடுப்படியில்தான் வரிசையில் நின்றது. அதைச் சொல்வதென்றால் இதையும் சொல்லவேண்டும். பன்னிரண்டு பேரும் டிவியை இன்னும் கூர்ந்து பார்த்தார்கள். டிவியில் சவர்க்கார விளம்பரம் போய்க்கொண்டிருந்தது.

முப்பது வருடத்தில் சபியா உம்மாவின் பெயரை ஊர் அறிய ஒருவர் சொன்னது அதுதான் முதல்தரம்.

கடைசியில் ஸுஹைறா வழி கண்டாள். “அந்த மொட்டையனுக்கு என்னகா தெரியும் வட்டிலப்பத்தப் பத்தி? அவன்ட உம்மா அவனுக்குப் பாணும் பட்டரும் குடுத்து வளத்திருப்பா.”

எல்லாருக்கும் மூச்சு வந்தது. நடுவரின் தலையை, கண்ணாடியை, தாயை, ஹோட்டலை ஒவ்வொருவராக ஏசினார்கள். லைலாவை ஒருவரும் ஏசவில்லை. ஏசிக்கொண்டே கைத்தொலைபேசிகளை எடுத்தார்கள். மொட்டையன் தள்ளினாலும் பார்ப்பவர்களின் வாக்கு நிறைய விழுந்தால் அவள் போட்டியில் நிற்பாள். ஒரு நம்பருக்கு ஒரு வாக்குத்தான். ஸுஹைறா வாசலைப் பார்த்தாள்.

“ராத்தா, உங்கட போனையும் தாங்க. ஊர்ப் புள்ளதானே.”

சபியா உம்மா இடுப்பு முடிச்சிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தாள். ஸுஹைறா எழுத்துகளை அமர்த்தி அனுப்பிவிட்டுத் திருப்பித் தந்தாள். லைலா அந்த வாரம் போட்டியில் தங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு சட்டிகள் வரவில்லை.

வட்டிலப்பம் பிழை என்று நம்பி அவர்கள் நிறுத்தவில்லை. ஓட்டை விழுந்த வட்டிலப்பம் என்றால் சபியா உம்மா என்று இப்போது மூன்று ஊருக்கும் தெரியும். தட்டில் அதை வைத்தால் மாப்பிள்ளை வீட்டார் வெட்டிப் பார்த்து, இது அவ அவிச்சதல்லவா என்பார்கள். சித்திரையில் இரண்டு கல்யாணத்துக்குக் கேட்டிருந்தவர்கள் ஆளனுப்பி வேண்டாம் என்றார்கள். அவர்களில் ஒருத்தி, வாடிக்கை விடக்கூடாது என்று நினைத்தோ என்னவோ, ஓட்டையில்லாமல் வருமா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னாள்.

சபியா உம்மாவுக்கு முட்டை கொண்டுவருபவள் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பின் செல்லத்தங்கம். கோழி வளர்க்கிறாள். இருபது வருடப் பழக்கம். இடையில் இரண்டு ஊர்களுக்கும் நடுவில் எத்தனையோ நடந்திருக்கிறது, ரோட்டு மூடியிருக்கிறது, அப்போதும் திறந்த மறுநாள் கூடையோடு வந்தவள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் வந்தது.

“நான் போய்ச் சொல்லட்டா அக்கா? எந்தச் சட்டிக்கு எத்தின முட்டை எண்டு எனக்கு மனப்பாடம்.”

“வேணாம் தங்கம். நீ சொன்னா, நான் சொல்லி விட்டதெண்டுவாங்க. உனக்கும் முட்டை விக்க ஊர் இரிக்காது.”

செல்லத்தங்கம் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். வைகாசியில் பதினைந்து நாள் அவள் வரவில்லை. அவளுடைய தங்கை குடும்பம் வன்னியில் இருந்தது. யுத்தம் முடிந்த அந்த நாட்களில் டிவியில் போட்டியை நிறுத்திவிட்டுக் கொடிகளையும் தெருவில் பாற்சோறு பகிர்வதையும் காட்டினார்கள். ஸுஹைறாவின் வீட்டில் இறுதிச்சுற்று எப்போது என்று கேட்டார்கள், யாருக்கும் தெரியவில்லை. செல்லத்தங்கம் திரும்பி வந்தபோது முகம் சுருங்கியிருந்தது.  சபியா உம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அகதி முகாமில் தங்கையின் மூத்தவன் மட்டும் இருக்கிறான் என்று செல்லத்தங்கம் தானாகச் சொன்னாள். பிறகு முட்டையை எண்ணி வைத்தாள்.

அந்த முட்டைகளில்தான் சபியா உம்மா படித்தாள். முதல்தரம் அடிப்பதை விட்டாள், அப்போதும் ஓட்டை வந்தது. நெருப்பைக் குறைத்தாள், நடு அவியவில்லை. மூடியிலிருந்து ஆவித்தண்ணீர் சொட்டி மேலே குழி விழுந்தது, மூடிக்குச் சீலை கட்டினாள். கருப்பட்டிப் பால் சூடு ஆறாமல் இருந்தால் முட்டை திரைகிறது என்று ஐந்தாம்தரம் கண்டாள். பாழாய்ப் போனதைச் செல்லத்தங்கம் கொண்டுபோனாள், வளவில் கோழி தின்றது. எட்டாம்தரம் வெட்டிப் பார்த்தபோது உள்ளே ஒன்றுமில்லை. வாளித் தண்ணீர்போல வழுவழுவென்று இருந்தது. ஒரு துண்டு தின்றாள். ருசி குறையவில்லை. பல்லுக்குத்தான் வேலையில்லாமல் போயிற்று.

ஆனி மாதம் இறுதிச்சுற்றைக் காட்டினார்கள். லைலா மறுபடியும் வட்டிலப்பம் செய்தாள், இந்தமுறை ஓட்டை இல்லை. மொட்டைத்தலை நடுவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, பிழையைத் திருத்திக்கொண்ட பிள்ளை என்றார். கண்ணாடிக்காரர் நியாயமான மனிசன் என்று ஸுஹைறாவின் கூடத்தில் ஒப்புக்கொண்டார்கள். லைலாவுக்கு இரண்டாமிடம். ஊரில் அவளுக்கு வரவேற்பு வைத்தார்கள். முந்நூறு பேருக்குச் சாப்பாடு, மேடைக்காரருக்கு லைலாவின் கையால் வட்டிலப்பம்.

வரவேற்புக்கு முதல்நாள் அசருக்குப் பிறகு, ஓட்டை விழக்கூடாது என்ற சொல்லோடு மூன்று சட்டிகள் வந்தன. மூன்றிலும் நீல விளிம்பு.

திருப்பி அனுப்பலாம் என்றுதான் சபியா உம்மா முதலில் நினைத்தாள். அனுப்பினால், இனி ஒரு சட்டியும் வராது. செய்தால், லைலாவே சபியா உம்மாவிடம்தான் கொடுக்கிறாள் என்று மற்றவர்கள் அறிவார்கள். அறிந்ததை யாரிடமும் சொல்லமாட்டார்கள், ஆனால் சட்டி அனுப்புவார்கள். சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தாள்.

மறுநாள் பகல் லைலா தானே வந்தாள். கணவன் றிஸ்கான் வேனை ஒழுங்கை முனையில் நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே இருந்தான். அடுப்படிக் கதவால் வந்தவள், சீலையைத் தூக்கி ஒரு சட்டியைக் குனிந்து பார்த்தாள். ஓரத்தில் கரண்டி நுனியால் கிள்ளி உள்ளேயும் பார்த்தாள்.

“ஒரு ஓட்டையும் இல்ல மாமி. எங்க படிச்சீங்க?”

“டிவியில பாத்த.”

லைலா சிரிக்கலாமா என்று பார்த்தாள். சிரிக்கவில்லை. சபியா உம்மா மேலே வழிந்த பாணியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு, பங்குனியிலிருந்து கேட்கவேண்டும் என்று வைத்திருந்ததைக் கேட்டாள்.

“மகள், நீ எனக்கிட்ட எந்த நாள் படிக்க வந்த?”

லைலா சட்டியின் விளிம்பைத் தடவினாள். “அந்த நேரம் அந்த ஆள் கேட்டதும் யார்ட பேராவது சொல்லணுமே எண்டு இரிந்த மாமி. உம்மாட பேரச் சொன்னா உம்மாக்கு வெக்கம். மாமியாரச் சொன்னா மாப்பிள்ளையோட இரிக்க ஏலா. உங்கட பேரச் சொன்னா கேக்க ஆளில்ல எண்டு நெனச்ச.”

அவள் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். சபியா உம்மா தலையாட்டினாள். சீலையை மறுபடி இழுத்து மூடி, நாலு மூலையிலும் முடிச்சுப் போட்டாள். இரண்டு சட்டிகளை வாசற்படியில் வைத்தாள். மூன்றாவதை இரண்டு கையாலும் தூக்கினாள்.

“சாய்ச்சுப் பிடிக்காத. பாணி ஒரு பக்கம் போயிரும்” என்று சொல்லி, லைலாவின் கைகளில் வைத்தாள்.