யாராலும் அழிக்க முடியாத கோப்பு

உப்பளங்களைத் தாண்டியிருந்த இரசாயன ஆலையில், இரண்டு பீரோ உயரத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் நின்றது. 1978இல் தூத்துக்குடிக்காரர்கள் பலருக்கு அது சினிமாவில்கூடப் பார்க்காத சாமான். அதைக் கவனித்துக்கொண்டவள் மெட்டில்டா. கொழும்புக்குப் போகும் தோணியில் தண்டலாக, அதாவது தோணியை நடத்தும் தலைவராக, இருந்தவரின் மகள். பௌதிகம் படித்து, பம்பாய்க்குப் போய் புரோகிராம் எழுதப் பழகி வந்தவள்.

அந்த மெஷினில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை பார்க்க முடியும். யூனிக்ஸ் என்ற இயக்க மென்பொருளை ஏற்றினால் ஒரே சமயத்தில் பலர் வேலை பார்க்கலாம் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சென்னையில் ஒரு கல்லூரியில் கெஞ்சி காந்த நாடாவில் நகல் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

முதல் தடவை, நாடா பாதி ஓடும்போது கரண்ட் போனது. அடுத்த தடவை முழுதாக ஏறியது, ஆனால் மெஷின் வாயே திறக்கவில்லை. வேறு வகை டிஸ்க்கின் பெயரைக் கொடுத்துவிட்டது கையேட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது.

மறுபடி முன்பலகை சுவிட்சுகளை மேலும் கீழுமாகத் தட்டினாள். எலெக்ட்ரீஷியன் செந்தில்வேல் ஸ்டெபிலைசர் பக்கத்தை விட்டு நகரவில்லை. நாடா சுற்றியது. மெஷினின் பதிலைக் காகிதத்தில் அடிக்கும் டெலிடைப் தடதடத்து, # என்று ஒற்றைக் குறி போட்டு நின்றது.

"என்னம்மா, வேலி கணக்கா ஒண்ணு அடிச்சிருக்கு?"

"அதுக்குத்தான் அண்ணாச்சி இம்புட்டுப் பாடு. என்ன செய்யணும்னு நம்மகிட்ட கேக்குது."

அவள் விசைகளைத் தட்டித் தேதியைக் கேட்டாள், மெஷின் சொன்னது. செந்தில்வேல் ஓடிப்போய் எல்லாருக்கும் டீ சொன்னார்.

அடுத்த வாரம் மெஷின் திடீரென்று நின்றுவிட்டது. அப்போது மெஷினில் யார் வேலை பார்த்தார்கள் என்று அறிய, வருவோர் போவோரை மெஷினே குறித்துவைக்கும் கோப்பைத் திறந்தாள். காலியாக இருந்தது.

"டிஸ்க் ரொம்பிட்டுக்கா. பெருசா கெடந்துச்சு, தொடைச்சுட்டேன்" என்றான் கணக்குப் பிரிவு ஞானதீபம்.

"ஏலே, இனி நீ நெனச்சாலும் அழிக்க முடியாது பாரு."

தன் கையில் மட்டும் இருந்த தலைமைப் பயனர் கணக்கைத் தவிர வேறு எதிலிருந்தும் எழுத முடியாதபடி அந்தக் கோப்பைப் பூட்டினாள். "இப்ப அழி பாப்போம்."

ஞானதீபம் எழுதிப் பார்த்தான், நடக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு வேறொரு கட்டளை அடித்தான். கோப்பே காணாமல் போனது.

மெட்டில்டாவுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. "பெட்டியப் பூட்டிட்டு ரூம தொறந்து போட்டுட்டேன்லே. அதான் பெட்டியோட தூக்கிட்ட."

கோப்பைத் திரும்ப உண்டாக்கி, அது இருக்கும் 'ரூமான' அடைவையும் பூட்டினாள். யார் உள்ளே வந்தாலும் டெலிடைப் காகிதத்திலும் ஒரு வரி விழும்படி செய்தாள். ஞானதீபம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தான். தெரிந்த கட்டளை, தெரியாத கட்டளை எல்லாம் அடித்தான். ஒவ்வொரு தடவையும் மெஷின் முடியாது என்றது. ஒவ்வொரு தடவையும் மெட்டில்டா ஜெயித்த குஷியில் மேஜையைத் தட்டினாள். ஆலை பஸ் போய்விட்டது என்று வாட்ச்மேன் வந்து சொன்னபோது, "இன்னும் ஒரே ஒரு தடவக்கா" என்று அவன் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"அடி, அடி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.