தங்கை தட்டிப் பார்க்காத வாஷ்பேசின்

என் தங்கை சாதித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சொந்தமாக ஒரு மனை. அதில் தனித்தனி வாசலோடு மூன்று வாடகை வீடுகள். மட்டமான செங்கல்லை இறக்க வந்த லாரியை அப்படியே திருப்பி அனுப்பியது. பதினேழு வருடத்தில் குடியிருந்த யாரோடும் தீராத சண்டை இல்லை. இத்தனையும் ஓர் எழுத்துகூடத் தெரியாமல்.

எங்கள் வீட்டில் ஒரு பிள்ளையைத்தான் பள்ளிக்கு அனுப்ப முடிந்தது. மூத்தவள் என்று என்னை அனுப்பினார்கள். நான் எட்டாவது முடித்தபோது அவள் கட்டட வேலையில் மணல் சுமந்துகொண்டிருந்தாள்.

வீட்டை வாடகைக்கு விடுவதில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. சாவி கொடுக்கும் அன்று, குடிவருகிறவரைக் கூட்டிக்கொண்டு அறை அறையாகப் போவாள். குழாயைத் திறப்பாள், ஸ்விட்சைப் போடுவாள். சுவர், தரை, பீங்கான் எல்லாவற்றையும் விரல் முட்டியால் தட்டிக் காது கொடுப்பாள். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

"டாக்டரம்மா சுவத்துக்கு நாடி பிடிக்க வந்துட்டாங்க" என்று கேலி செய்வார்கள்.

"பயப்படாதீங்க, ஃபீஸ் கிடையாது" என்பாள்.

எது எந்த நிலையில் இருக்கிறது என்று அவள் சொல்லச் சொல்ல, நான் பட்டியல் எழுதிப் படித்துக் காட்டுவேன். அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள், அவள் கட்டைவிரல் வைப்பாள். வீடு வாடகைக்கு விடுகிற எல்லோரும் இதைச் செய்ய வேண்டும். பின்னால் யார்மீதும் பழி விழாது.

தையல்காரம்மா ஒருவர் மூன்றில் நடு வீட்டுக்குக் குடிவந்த அன்று தங்கைக்குக் காய்ச்சல்.

"அக்கா, நீயே போய் ஒண்ணு விடாம தட்டிப் பாத்து எழுதிடு" என்றாள்.

நல்ல வெயில். நான் போகவில்லை. முந்தைய பட்டியலைப் பார்த்து, கோடு போட்டு, அழகாக எழுதினேன். 'வாஷ்பேசின்: நல்ல நிலை.'

"நீங்க படிச்சவங்க, சரியாத்தான் இருக்கும்" என்று தையல்காரம்மா வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

"தட்டிப் பாத்தியா?" என்று தங்கை கேட்டாள். "ம்" என்றேன். விரலை வைத்தாள்.

ஆறே வாரத்தில் வாஷ்பேசின் ஒழுகியது. அடியில் நீளமாக விரிசல்.

"நான் எதையும் போடலம்மா. முன்னாடியே இருந்திருக்கும்" என்றார் தையல்காரம்மா.

"எங்கக்கா எழுதினா எழுதினதுதான்" என்றாள் தங்கை. நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

"பொய் சொல்றவள்னு நெனைக்கிற இடத்துல எப்படிங்க இருக்கறது?" என்று தையல்காரம்மா மாதக் கடைசியில் மெஷினை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

பதினொரு நாள் தாங்கினேன். பிறகு தங்கையிடம் சொன்னேன். "அவங்க உடைக்கலைன்னும் சொல்ல முடியாதுல்ல?" என்று ஒரு சாக்கும் சேர்த்துக்கொண்டேன்.

"முடியாது. அப்ப எதை வச்சு அந்தம்மாவைப் பொய்க்காரி ஆக்கினேன்?" என்றாள். பிறகு, "பள்ளிக்கூடம் போன கையாச்சேன்னு நம்பினேன்க்கா."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

இரண்டு பேரும் போனோம். தையல்காரம்மா நாத்தனார் வீட்டில், அடுப்புக்குப் பக்கத்தில் மெஷினைப் போட்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். தங்கை, "வீடு பூட்டித்தான் கிடக்கு. வாங்க, பட்டியலை மாத்தி எழுதிடுவோம்" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். "மறுபடியும் இவங்கதான் எழுதுவாங்களா?"

"எழுதட்டும். நான் படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்" என்றாள் தங்கை.

"உங்களுக்குப் படிக்கவே தெரியாதேம்மா."

"நீங்க சொல்லிக்கொடுங்க."

தையல்காரம்மா சிரித்துவிட்டார். அடுத்த வாரமே திரும்பி வந்தார். நான் சொல்லித்தருகிறேன் என்றதற்குத் தங்கை, "உனக்கு எதுக்குக்கா சிரமம்" என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் சுட்டது. தையல்காரம்மாவிடமே, வெட்டி மிஞ்சிய துணிகளில் தையல் சாக்பீஸால் தினமும் எழுதிப் பழகினாள்.

நான்கு மாதம் கழித்து, அவளுக்குப் படிக்க வந்ததும், மூவருமாக நடு வீட்டில் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தோம். வாஷ்பேசின் வந்ததும் நான் எழுதினேன்: 'அடியில் விரிசல். எப்போது விழுந்தது என்று தெரியாது.'

தங்கை விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இன்னொரு வரி பாக்கி இருக்குக்கா" என்றாள். எழுதினேன்: 'முதல் பட்டியலை அக்கா பார்க்காமல் எழுதினாள்.'

அதையும் படித்தாள். பிறகு பேனாவை என்னிடமிருந்து வாங்கி, அதன் கீழே தன் பெயரை எழுதினாள். பக்கத்தில் தேதியை நான் போட்டேன்: 9 பிப்ரவரி 2016, செவ்வாய்க்கிழமை.