குலசிங்கம் அண்ணனின் நெஞ்சுக்குள் இருந்த கருவி

ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பூசை முடிந்து பட்டர்வொர்த்தில் என் வீட்டுக்குள் நுழையும்போதே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. பேசியவர் குலசிங்கம் அண்ணனின் மைத்துனர் யோகன். "அத்தான் போயிட்டாருண்ணே" என்றார். குளித்துவிட்டு வந்து விபூதி பூசிக்கொண்டிருந்தவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டாராம். டாக்டர் வந்து பார்த்து உறுதி செய்துவிட்டாராம். நான் வாய் திறப்பதற்குள் யோகன் அடுத்ததையும் சொன்னார். அண்ணனின் நெஞ்சுக்குள் இருக்கும் பேஸ்மேக்கரை எடுக்காமல் மின்சுடலையில் உடலை வாங்கமாட்டார்கள். சூட்டில் அதன் பேட்டரி வெடித்துவிடும். ஆனால் அண்ணனின் மனைவி பரமேஸ் அக்கா யாரையும் கிட்டவே விடவில்லை. "நீங்க வந்து பேசணும்ணே. பிசிக்ஸ் படிச்சவங்க நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார்.

அழுவதற்குக்கூட எனக்கு நேரம் தரவில்லை. பினாங்குத் தீவுக்குப் போகும் பெர்ரிப் படகில் நின்றபடி அக்காவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையன்று வெளிவரும் இந்த நினைவு மலரில் என்னையும் எழுதச் சொன்னார்கள். அண்ணனை உங்களில் பலருக்குக் கோயில் சபையில் தெரியும், சிலருக்குப் பேட்மிண்டன் மைதானத்தில் தெரியும். எனக்கு அவரை இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் தெரியும். ஜார்ஜ் டவுனில் ஒரே பள்ளியில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்துக்குப் பாடத்தை இருவரும் பங்கு போட்டுக்கொண்டோம். இயக்கவியலும் வெப்பமும் என் பங்கு. மின்காந்தத் தூண்டல், மாறுதிசை மின்னோட்டம், மின்னணுவியல் மூன்றையும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார். "உன் பாடத்துல பந்து உருளும், தண்ணி கொதிக்கும். அவ்வளவுதான லா" என்று என்னைச் சீண்டுவார். எங்களுக்குள் வயது வித்தியாசம் அதிகமில்லை. ஆனாலும் அண்ணன் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

ஒவ்வோர் ஆண்டும் அவர் செய்துகாட்டும் ஒரு சோதனை உண்டு. இரும்புத் தண்டு ஒன்றைச் சுற்றிக் கம்பிச்சுருள். தண்டின் மேல் ஓர் அலுமினிய வளையம். மாறுதிசை மின்சாரத்தைச் சுருளில் விட்டதும் வளையம் துள்ளி மேலே பறக்கும். முதலில் வெட்டுப்பட்ட வளையம் ஒன்றைப் போடுவார். அது அசையாது. வளையம் முழுசாக இல்லாவிட்டால் அதில் மின்னோட்டம் சுற்றி வர வழியில்லை என்பதை மாணவர்களே சொல்லும்வரை விடமாட்டார். பிறகு கேண்டீனில் ஐஸ் கச்சாங் என்னும் ஐஸ் துருவல் இனிப்பு விற்கும் பெண்ணிடம் வாங்கிய ஐஸில் முழு வளையத்தைப் புதைத்து எடுத்துப் போடுவார். குளிரில் மின்தடை குறைந்து அது இன்னும் உயரப் பறக்கும், சில சமயம் கூரையில் இடிக்கும். லென்ஸ் விதிக்கு அவர் சொல்லும் விளக்கத்தை அவரிடம் படித்த எவரும் மறந்திருக்கமாட்டார்கள்: "மாற்றம் யாருக்குமே புடிக்காது. செம்புக்கம்பிக்கும் புடிக்காது, எனக்கும் புடிக்காது."

அவருக்கே மாற்றம் வந்தது. பள்ளி மாடிப்படியில் மயங்கி விழுந்தார். இதயத் துடிப்பு மிகவும் மெதுவாகிவிட்டது என்று கண்டுபிடித்து, கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் இடது தோளெலும்புக்குக் கீழே பேஸ்மேக்கரைப் பொருத்தி அனுப்பினார்கள். காந்தங்களுக்குப் பக்கத்தில் போகக்கூடாது என்று டாக்டர் சொன்ன செய்தி அவருக்கு முன்பே ஆசிரியர் அறைக்கு வந்து சேர்ந்துவிட்டது. அறிவிப்புப் பலகையில் தாள்களைப் பிடித்திருந்த காந்தப் பொட்டுகளை எல்லாம் பிடுங்கிவிட்டார்கள். மோட்டாருக்குள்ளும் காந்தம் உண்டு என்று யாரோ படித்தவர் கிளப்பிவிட, அவர் உள்ளே வந்தாலே மின்விசிறிகளை நிறுத்த ஆரம்பித்தார்கள். பினாங்கு வெயிலில் அத்தனை பேரும் வேர்த்து விறுவிறுத்து அன்போடு உட்கார்ந்திருந்தோம். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே எழுந்து சுவிட்சைப் போட்டார். "என்னைக் கொல்லப்போறது காந்தம் இல்ல லா, இந்தப் புழுக்கம்தான்" என்றார்.

அந்த வாரமே தன் நெஞ்சைப் பாடமாக்கிவிட்டார். கரும்பலகையில் ஒரு பேட்டரி, ஒரு மின்தடை, ஒரு மின்தேக்கி வரைந்து, மின்தேக்கி மெல்ல நிரம்பி ஓர் எல்லையைத் தொட்டதும் கொட்டிவிடும், அந்தக் கொட்டல்தான் உங்கள் வாத்தியாரை நிற்க வைத்திருக்கிறது என்று மலாயில் விளக்கினார். இதயம் தானாகத் துடித்தால் கருவி சும்மா இருக்கும். துடிப்பு வரத் தாமதித்தால் மட்டும் ஒரு சிறு மின்துடிப்பை அனுப்பும். பக்கத்தில் மாறும் காந்தப்புலம் இருந்தாலோ, நெஞ்சுக்குள் போகும் கம்பியில் மின்னழுத்தம் தூண்டப்படும். கருவி அதை இதயத்தின் துடிப்பு என்று எண்ணிக்கொண்டு வேலையை நிறுத்திவிடும். பாடத்தைச் சொல்லி முடித்ததும் வகுப்பில் ஒரு மாணவி அழுதுவிட்டாள். அவர் மட்டும் ஜாடியில் மூளையை வைத்துக் காட்டுகிற உயிரியல் ஆசிரியர்களைப் போல மகிழ்ச்சியாக இருந்தார்.

ஆனால் வளையச் சோதனை அவர் கையை விட்டுப் போய்விட்டது. சுருளுக்குப் பக்கத்தில் அவர் நிற்கக்கூடாது. சுவிட்சைப் போடும் வேலை எனக்கு வந்தது. அவர் வெளியே தாழ்வாரத்தில் நின்று, ஜன்னல் சட்டங்களின் இடைவெளி வழியாகப் பாடம் நடத்துவார். மாணவர்கள் ஒரு கண்ணை என் மேலும் ஒரு கண்ணை ஜன்னல் மேலும் வைத்திருப்பார்கள். நான் ஐஸை மறந்தால் வெளியிலிருந்தே திட்டுவார். வளையம் பறந்ததும் பிள்ளைகள் கத்துவார்கள். எவ்வளவு உயரம் போனது என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. என்னிடம் கேட்பார். நான் கொஞ்சம் கூட்டியே சொல்வேன்.

ஒருநாள் சூலியா தெருவில், தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்தும் மாமாக் கடையில் தேநீருக்காக உட்கார்ந்திருந்தோம். திடீரென்று கேட்டார், "தம்பி, இப்ப என் நெஞ்சுல துடிக்கிறது நானா, பேட்டரியா?" சொல்ல முடியாது என்றேன். அவராலும் முடியாதாம். "அளக்கத் தெரிஞ்ச எனக்கே தெரியல. பரமேஸ்கிட்ட மட்டும் இத சொல்லிடாத. அவ எல்லாமே நான்தான்னு நெனச்சுக்கிட்டு இருக்கா" என்றார். அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். தேநீருக்கு நான்தான் காசு கொடுப்பேன் என்று சண்டை போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். உறவினர்கள் தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள். பரமேஸ் அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இடது தோளுக்குக் கீழே, கருவி இருக்கும் மேட்டின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். அந்த வீட்டில் பிள்ளைகள் இல்லை. குடும்ப டாக்டர் அம்மா கைப்பையோடு ஓர் ஓரத்தில் காத்திருந்தார். சின்ன வெட்டுதான், தையலும் போட்டுவிடலாம் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். மின்சுடலையில் கொடுத்திருந்த நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. யோகன் கைக்கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"உண்மைய சொல்லணும் தம்பி. அது இப்ப ஓடுதா?" என்று அக்கா கேட்டார்.

"ஓடுதுக்கா" என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

"அப்ப இவரு போயிட்டார்னு எப்படி சொல்றீங்க?"

கருவி மின்சாரத்தைத்தான் கொடுக்கும், அதைக் கேட்டுச் சுருங்கவேண்டியது இதயத் தசை, அந்தத் தசை ஓய்ந்துவிட்டது என்று விளக்க ஆரம்பித்தேன். வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. அக்கா கையை எடுக்காமலே தலையை ஆட்டினார். "பாடம் வேணாம் தம்பி. கல்யாணமான நாள்ல இருந்து பாடம் கேட்டாச்சு. நீங்க அத நிறுத்திட்டு எடுங்க. ஓடிக்கிட்டு இருக்கறத அறுக்க நான் விடமாட்டேன்."

நியாயமான கோரிக்கை. நிறுத்திவிட்டு எடுங்கள் என்கிறார், அவ்வளவுதான். டாக்டர் அம்மாவைப் பார்த்தேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். புலம் மாறாத சாதாரணக் காந்தத்தை மேலே வைத்தால் கருவி நிற்காது, ஒரே சீராக இன்னும் விடாமல் அடிக்கும். வேகத்தை மாற்றும் இயந்திரம் கோலாலம்பூரில் இருக்கிறது. பல்புக்கு இருக்கிற, ரேடியோவுக்கு இருக்கிற அந்தச் சாதாரணப் பொருள் இதற்கு மட்டும் கிடையாது. தவறியும் யாரும் நிறுத்திவிடக்கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

"அதுக்கு சுவிட்ச் இல்லக்கா."

தேவாரம் பாடியவர்கள் நிறுத்தியிருந்தார்கள். கம்பியை வெட்டிவிட்டால் அந்த மின்துடிப்பு அண்ணனுக்குப் போய்ச் சேராது என்று சொல்லிப் பார்த்தேன். வெட்டினால் கருவி நின்றுவிடுமா என்று கேட்டார். நிற்காது, பேட்டரி தீரும்வரை ஓடும் என்றேன்.

"அப்ப அது யாருக்காக ஓடும் தம்பி?"

இத்தனை ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகள் என்னைக் கேள்வி கேட்டு மடக்கியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு எந்த நாளையிலும் பதில் இல்லை. அக்காவின் காலருகில் உட்கார்ந்து அழுதேன். அவரைத் தேற்றப் போனவனை அவர் தேற்றவேண்டியதாயிற்று.

கடைசியில் அக்காவே கையை எடுத்தார். "எடுங்க. ஆனா தூக்கிப் போடக்கூடாது. ஆஸ்பத்திரிக்கும் குடுக்கக்கூடாது. அது நிக்கிற வரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும். தனியா விட்டுடாதீங்க" என்றார். பிறகு எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டாக்டர் அம்மா வேலையை முடித்து, கழுவித் துடைத்து என் கையில் வைத்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, வழவழப்பான உலோகம், வெட்டுப்பட்ட ஒரு வால். கையில் வைத்திருந்தால் ஒன்றும் தெரியாது.

எட்டாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் ஆய்வுக்கூடத்தில், மின்துடிப்பைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் அதை இணைத்தேன். பச்சைக் கோடு சமமாக ஓடியது, பிறகு ஒரு குத்து. மறுபடி சமம், மறுபடி ஒரு குத்து. பதில் துடிப்பு வந்திருந்தால் அது சும்மா இருந்திருக்கும். வராததால் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அதற்குமேல் பார்க்க முடியாமல் திரையை அணைத்தேன். அணைக்க முடிந்தது திரையை மட்டும்தான்.

ஞாயிறுதோறும் அக்கா தொலைபேசியில் கூப்பிடுகிறார். சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு, ஓடுதா தம்பி என்கிறார். ஓடுதுக்கா என்கிறேன். வைத்துவிடுகிறார்.

அண்ணனின் பாடக்குறிப்புகளைப் பள்ளி நூலகம் எடுத்துக்கொண்டது. பேட்மிண்டன் மட்டையை யோகன் வைத்திருக்கிறார். என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். மேசை இழுப்பறையில், துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். பரமேஸ் அக்கா, இந்த மலரை நீங்களும் வாசிப்பீர்கள், அதனால் இங்கேயும் உள்ளதைத்தான் எழுதுகிறேன். இன்று காலையும் ஆசிலோஸ்கோப்பில் இணைத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை.